உள்ளே பார்த்துப் படுத்த நாய்

நாய் வாங்குகிற விஷயத்தில் என்னிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முன்பெல்லாம் சர்க்கரை, மூட்டுவலி என்று பேச்சு ஓடும். இப்போது திருட்டுப் பயம், கேமரா, அதற்கப்புறம் நாய். பிள்ளைகள் எங்கோ இருக்கிறார்கள், வீட்டில் நாம் இரண்டு பேர், பெரிய ஜாதி நாயாக ஒன்று கிடந்தால் தேவலை என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். ராட்வைலரா, அல்சேஷனா, நம்ம ராஜபாளையமே போதாதா என்று அரை நாள் போகிறது. நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால், எதைக் காப்பாற்ற என்று கேட்டுவிடுவேன். நீங்கள் நகை இருக்கிற அலமாரியைக் காட்டுவீர்கள். நான் கேட்டது அது இல்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு மழை. நடக்கப் போக முடியாது, நீங்களும் எங்கேயும் போகப் போவதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. வில்லியனூரில் எங்கள் வீடு; அம்மாவின் தங்கையைக் கரியமாணிக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்திக்கு முதல் பிள்ளை ஆண் பிள்ளை. முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த சமயத்தில் ஜுரம் கண்டு போய்விட்டது. அதிலிருந்து சித்தி பேசவில்லை. சோறு வடிப்பாள், வீடு பெருக்குவாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு மட்டும் இல்லை. அழுகையும் இல்லை. கைப்பிள்ளைக்காகப் பெற்றவள் வாய்விட்டு அழுதால் அடுத்தது தங்காது என்று அவளுடைய மாமியாரம்மா முதல் நாளே வாயை அடைத்துவிட்டாளாம். உச்சிப் பொழுதானால் சித்தி பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு கிணற்றங்கரையில் போய் நிற்கிறாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்றைக்கே அம்மா என் துணிகளை மஞ்சள் பையில் திணித்தாள்.

"பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் சித்தி கூடவே இருடி. எங்க போனாலும் கூடப் போ. அவ்ளோதான் உன் வேல."

கிணற்றைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கொல்லைக் கிணறு அது. தரைமட்டத்துக்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். எட்டிப் பார்த்தால் கறுப்பாக, வெகு ஆழத்தில், நம் தலை மட்டும் தெரியும். சித்தி அதில் விழுந்துவிடக் கூடாது, அதற்குத்தான் என்னை அனுப்புகிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. பெரியவர்கள் நினைத்துக்கொள்கிற அளவுக்குப் பிள்ளைகள் மக்கு இல்லை.

சித்தப்பாவுக்குப் பாகூர் கடைத்தெருவில் மளிகைக் கடை, பக்கத்திலேயே மல்லாட்டை மண்டி. நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் சட்டையில், சைக்கிளில், பேசுகிற மூச்சில்கூட மல்லாட்டைத் தூசி மணக்கும். நல்ல மனிதர். ஆனால் எதற்கும் பயப்படுகிற மனிதர். நான் போன அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அறிவித்தார்: நாய் வாங்கப் போகிறேன். சாதாரண நாய் இல்லை, பெரிய ஜாதி நாய்.

"பக்கத்துத் தெருவுல அண்டாவ தூக்கிட்டுப் போயிட்டானுவ. நான் பகல் பூரா கடையில கெடக்கறேன். வூட்டுக்கு ஒரு காவல் வேணாமா?"

சித்தி மோரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். இலையில் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை, சித்தப்பாவும் கவனிக்கவில்லை. அவருக்கு அண்டாக் கவலை.

நாய் பார்க்க என்னையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனார். சித்தியை மாமியாரம்மா பார்த்துக்கொள்வாள் என்றார். முதலில் ஒரு ரைஸ் மில் முதலாளி வீட்டு ராஜபாளையம். வெள்ளை வெளேரென்று, ரோஸ் மூக்கோடு, பார்க்க அப்படி ஒரு அழகு. அதன் முதுகுக்குப் பின்னால் வேலைக்காரம்மா பித்தளைக் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். நாய் திரும்பவே இல்லை. பிறவிச் செவிடு. அந்த ஜாதியில் சிலதுக்கு அப்படி அமைந்துவிடும் என்று முதலாளி சங்கடப்பட்டார். அடுத்தது டவுனில் ஒரு பங்களா. கன்றுக்குட்டி உசரத்துக்கு ஒரு கிரேட் டேன். தெருவில் யாரோ வெடி கொளுத்த, அது போய்க் கட்டிலுக்கடியில் நுழையப் பார்த்து, கட்டிலையே தூக்கிக்கொண்டு நின்றது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது.

போன இடத்திலெல்லாம் சித்தப்பா இரண்டு கேள்விகள் கேட்டார். திருடனைக் கடிக்குமா என்று கேட்டதை விட அழுத்தமாகக் கேட்டார். "ஒரே எடத்துல அசையாம படுத்திருக்குமா?" அது ஒன்று. இன்னொன்று, குரலைத் தாழ்த்தி: "மண்ணத் தோண்டுற பழக்கம் உண்டா?" நாய்க்காரர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். அண்டா காக்கப் போகிற நாய் மண்ணைத் தோண்டினால் என்ன, தோண்டாவிட்டால் என்ன?

மூன்றாவதாகப் பார்த்தது வில்லியனூரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவர் பிரான்சில் மகனோடு போய் இருக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வீடு முழுக்கப் பெட்டிகள். நடுவில் ஒரு அல்சேஷன், கறுப்பும் செம்பட்டையுமாக, பெட்டிகளை எல்லாம் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தது. குரைக்கவில்லை. முதலில் சித்தப்பாவின் கையை, பிறகு என் கையை மூக்கால் தொட்டது. ஈரமாக, ஜில்லென்று இருந்தது. தொட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

"திருடன் வந்தா கடிக்குங்களா ஐயா?"

"கடிக்கும்னு நான் ஏன் பொய் சொல்லணும் தம்பி? இது ஆடு மேய்க்கிற ஜாதி. வூட்ல யார் யாருன்னு பாத்து வச்சிக்கும். ஒருத்தர் வெலகிப் போனா மறிச்சி உள்ள தள்ளும். இதுக்குத் தெரிஞ்ச காவல் அதான்."

"ஒரே எடத்த காவல் காக்குமா?"

"எடத்த இல்ல தம்பி, ஆள."

"தோண்டுமா?"

சொல்தா பெட்டிக்குக் கயிறு கட்டுவதை நிறுத்தினார். "இன்னாத்த தோண்டணும்?"

"ஒண்ணுமில்லிங்க, சும்மா. செடி கிடி வச்சிருக்கேன்."

"தோண்டாது."

அது போதும் சித்தப்பாவுக்கு. அதற்கு முன்னால் அந்த மனிதர் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கடை ஆட்கள் அந்த நாய்க்குத் தொரை என்று பெயர் வைத்தார்கள். சொல்தா வீட்டிலிருந்து வந்ததல்லவா, சோற்றை மோந்து பார்த்து யோசித்துத்தான் சாப்பிடும்.

தொரையை அவர் வாசலில் கட்டவில்லை. கொல்லைக்குக் கூட்டிப் போய், கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி, தென்னை மரத்தில் சங்கிலி போட்டார். அங்கே கருவேல முள்ளை வெட்டி ஒரு சின்ன மேட்டின் மேல் குவித்து வைத்திருந்தது. நான் கிட்டப் போகப் பார்த்தேன். மாமியாரம்மா பின்னாலிருந்து என் ஜடையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க போவாத பொண்ணே. புள்ள தூங்குது."

உங்களுக்குத் தெரியாததா, கைப்பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அதிலும் இது தலைச்சன் பிள்ளை. தலைச்சன் மண்டை கிடைத்தால் மை போடுகிறவன் தோண்டி எடுத்துப் போய்விடுவான் என்று நம் பக்கம் எத்தனை வீட்டில் எத்தனை நாள் காவல் இருந்திருக்கிறார்கள். பாகூர் சந்தையில் யாரோ ஒரு வெளியூர்க்காரன் பிள்ளை செத்த வீடுகளை விசாரித்துக்கொண்டு திரிந்தான் என்று சித்தப்பா காதில் விழுந்திருக்கிறது. சுடுகாட்டில் இருந்தால் காக்க முடியாதென்றுதான் சொந்தக் கொல்லையில் புதைத்தார். அண்டா, திருடன் எல்லாம் தெருவுக்குச் சொன்ன கதை. நாய் வாங்கினது அந்த மேட்டுக்கு. பெற்றவளுக்கு இடம் தெரியக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால்தான் தெரியுமா அவளுக்கு?

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. செத்ததற்கு முள், சங்கிலி, பெரிய ஜாதி நாய். உயிரோடு இருக்கிறவளுக்கு மஞ்சள் பையோடு வந்த ஒரு பொட்டைப் பிள்ளை.

தொரை அந்த மேட்டைக் காக்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்துப் படுத்தது. சித்தப்பா தலையைப் பிடித்துத் திருப்பி வைப்பார். அவர் நாலு அடி நடப்பதற்குள் அது மறுபடி வீட்டைப் பார்க்கும். சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் உள்ளே வந்து ஒவ்வொருவர் கையையும் மூக்கால் தொடும். மாமியாரம்மா, நான், சித்தப்பா, சித்தி. எல்லோரையும் தொட்டு முடித்ததும் நடுக்கூடத்துக்குப் போகும். அங்கே உத்தரத்தில் பிள்ளைக்குப் புடவையால் ஏணை கட்டிய கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. புடவையை அவிழ்த்துவிட்டார்கள், கயிற்றை அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. பிள்ளை போன பிறகு வந்த நாய் அது. அந்தப் பிள்ளையை அது பார்த்ததே இல்லை. ஆனாலும் கயிற்றுக்குக் கீழே நின்று, கழுத்தைத் தூக்கி, இன்னும் ஒருத்தரைத் தொடவேண்டியிருப்பது போல மூக்கை நீட்டும். காற்றே இல்லாத நேரத்திலும் அந்தக் கயிறு ஆடினதாக எனக்கு ஞாபகம். ஆடியிருக்காது. ஆனால் ஞாபகம் அப்படித்தான் இருக்கிறது.

அடுப்பங்கரையிலிருந்து சித்தி அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தில் உயிர் இருக்கும்.

உச்சிப் பொழுதுதான் மோசம். தெருவில் ஒரு சத்தம் இருக்காது. காக்காய்கூடக் கத்தாது. நான் சித்தியின் பக்கத்தில் தரையில் படுத்திருப்பேன். அவள் ரவிக்கையின் முன்பக்கம் மெள்ள நனையும். வேர்வை என்று நினைத்திருந்தேன். பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்துக்கு அவள் எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்ப்பாள். எழுந்திருப்பாள். அதே நொடியில் கொல்லையில் தொரையின் சங்கிலி குலுங்கும். அதன் காது இரண்டும் மேட்டுப் பக்கம் விறைக்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் ஏதோ கேட்டது. நாய்க்கு நிஜமாகவே கேட்டதா, இல்லை சித்தி எழுந்த அரவம்தான் அதற்கு எட்டியதா, இந்த வயதில் யாரிடம் போய்க் கேட்பேன்?

கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு அது பின்பக்கக் கதவுக்கு வந்துவிடும். வாசற்படிக்குக் குறுக்கே, உள்ளே பார்த்துப் படுத்துக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் அதைத் தள்ளிவிட்டுப் போய் வரலாம். சித்தி வந்தால் மட்டும் எழுந்து நிற்கும். உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். சித்தி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். நான் மூச்சு விடுவேன். என் உத்தியோகத்தை அது எடுத்துக்கொண்டதில் எனக்கு நிம்மதி என்றுதான் சொல்லவேண்டும்.

மாமியாரம்மாவுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

"சோறு போடுற கைய பாத்து மொறைக்குது. காவல் காக்குற எடத்துக்கு முதுகக் காட்டுது. இது தானா பண்ற வேல இல்லடா. எவனோ இதுக்கு மை தடவிட்டான். நாயக் கட்டிப்புட்டு அப்புறமா புள்ளய எடுக்க வருவான்."

சித்தப்பா முகம் வெளுத்துவிட்டது. மகனுக்குப் பயத்தை ஊட்டிவிட்டதே அந்தம்மாதான். சாஸ்திரம் என்று ஒன்று கிடைத்தால் விடமாட்டாள். ஒருநாள் காலையில் நான் நடையில் தூங்கிக்கொண்டிருக்க, சித்தப்பா கடைக்கு அவசரமாகப் போனவர் என்னைத் தாண்டிப் போய் சைக்கிளில் ஏறிவிட்டார். "படுத்திருக்கிற புள்ளய தாண்டிட்டியே, அது வளருமாடா? வந்து திரும்பித் தாண்டு" என்று தெருமுனை வரைக்கும் கத்தி அவரை வரவழைத்தாள். அவரும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாகத் திரும்பித் தாண்டிவிட்டுப் போனார். அது வரைக்கும் என்னை எழுந்திருக்கவே விடவில்லை. எழுந்துவிட்டால் பலிக்காதாம்.

அப்புறம் ஒருநாள் உச்சியில் சித்தி நிற்கவில்லை. தொரையை இடித்துக்கொண்டு வெளியே காலை வைத்தாள். அது அவள் மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தது. கடிக்கவில்லை, பிடித்தது. அவள் இழுத்தாள், அதுவும் இழுத்தது. வளையல் உடைந்து ரத்தம் வந்தது. மாமியாரம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"சித்தி கெணத்துக்குப் போனாங்க. அதான் புடிச்சிது" என்று நான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு தடவை சொன்னேன்.

"சின்ன வாய்ல பெரிய பேச்சு பேசாத" என்றாள் மாமியாரம்மா. சித்தப்பா மட்டும் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டார். சாயங்காலமே தவளக்குப்பத்திலிருந்து மரம் அறுத்து விற்கிற ஒரு மரவாடிக்காரர் வந்து லாரியில் தொரையை ஏற்றிக்கொண்டு போனார். ஏறுவதற்கு முன்னால் அது திரும்பி, நின்றிருந்த எங்கள் கைகளை வரிசையாகப் பார்த்தது. சித்தி வெளியே வரவில்லை. லாரி திரும்புகிற வரைக்கும் அது வாசலையே பார்த்துக்கொண்டு போயிற்று.

மறுநாள் உச்சி வந்தது. மாமியாரம்மா நடையில் முந்தானையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சித்தியின் ரவிக்கை நனைந்தது. தலையைச் சாய்த்தாள். எழுந்தாள். பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. படியில் யாரும் இல்லை.

யோசித்தெல்லாம் செய்யவில்லை. ஓடிப்போய் அந்தப் படிக்குக் குறுக்கே படுத்தேன். அது படுத்த மாதிரியே, உள்ளே பார்த்து. கல் சுட்டது. நாய் வாடை இன்னும் அதில் இருந்தது. சித்தியின் கால்கள் என் முகத்துக்கு நேரே வந்து நின்றன.

"ஏந்திரிடி."

அத்தனை நாளில் நான் கேட்ட முதல் வார்த்தை. அவள் குரல் துருப்பிடித்த மாதிரி இருந்தது.

"மாட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, வெளியே எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கினாள். தாண்டினாள். புடவைக் கரை என் கன்னத்தில் உரசிக்கொண்டு போனது. பிறகு என் முதுகுக்குப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம், ஒவ்வொன்றாக, கிணற்றுப் பக்கம்.

எழுந்து ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாமே என்பீர்கள். நம்பினால் நம்புங்கள், எழுந்தால் வளராமலே போய்விடுவேன் என்ற பயம்தான் முதலில் வந்தது. பிள்ளைப் பயம் அப்படித்தான், அதற்கு வரிசை தெரியாது. படுத்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"சித்தி, தாண்டிட்ட. திரும்பித் தாண்டு. நான் வளர மாட்டேன் சித்தி. குட்டையாவே நின்னுடுவேன்."

சருகுச் சத்தம் நின்றது. நான் உள்ளே பார்த்துப் படுத்திருந்தேன், எனக்கு எதுவும் தெரியவில்லை. நடுக்கூடத்துக் கயிறு மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவும் பயம். தண்ணீரில் ஏதாவது விழுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கல் என் தோளைச் சுட்டுக்கொண்டே இருந்தது.

மறுபடி சருகு மிதிபட்டது. நிழல் ஒன்று என் மேல் விழுந்தது. ஒரு கால் என்னைத் தாண்டி என் மூக்குக்கு முன்னால் இறங்கியது, பிறகு இன்னொன்று.

"வளந்து தொல" என்றாள் சித்தி.

சொன்னவள் அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்து, படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். வாய்விட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். மாமியாரம்மா அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள், வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். நீட்டின கை பாதியில் நின்றுவிட்டது. அவளும் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவளுக்கும் பேரன்தானே.

சாயங்காலம் சித்தப்பா சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் சித்தி வாசலுக்கு வந்தாள்.

"தொரைய கூட்டியாங்க."

அவர் காபிகூடக் குடிக்கவில்லை, அப்படியே சைக்கிளைத் திருப்பினார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மரவாடி லாரியிலேயே அவரும் தொரையுமாக வந்து இறங்கினார்கள். தொரை உள்ளே வந்து ஒவ்வொருவர் கையையும் தொட்டது. சித்தியின் கட்டுப் போட்ட கையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நடுக்கூடத்துக்குப் போய்க் கழுத்தைத் தூக்கியது. கயிறு அங்கே இல்லை. நாற்காலி போட்டு நானும் சித்தியும் மத்தியானமே அவிழ்த்துவிட்டிருந்தோம். அது நின்று பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, பின்பக்கப் படிக்குப் போய் உள்ளே பார்த்துப் படுத்தது. சித்தப்பா இந்தத் தடவை தலையைத் திருப்பி வைக்கவில்லை.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழும்பிற்று. மேட்டிலிருந்து முள்ளை எடுத்துப் போட்டார்கள். எவனும் எதையும் தோண்ட வரவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிறதென்று அம்மா என்னை அழைத்துப்போக வந்த அன்று கவனித்தேன், தொரை அதே படியில் தலையைத் திருப்பி, வெளியே பார்த்துப் படுத்திருந்தது.

சித்திக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள். நன்றாகவே வாழ்ந்தாள், நிறையப் பேசினாள், எல்லோரையும் கிண்டலடித்தாள். அந்த உச்சிப் பொழுதைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை தவிர. என் கல்யாணத்தில், மணமேடைக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் பொண்ணு ரொம்ப உசரம் என்று குறைப்பட்டுக்கொண்டார். பந்தியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த சித்தி நின்றாள்.

"என்னாலதான்" என்றாள். "நான் திரும்பி வராம இருந்திருந்தா குட்டையா இருந்திருப்பா."

யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் சிரித்துவைத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணப் பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.